எடுக்க மறந்த ஒரு ஹாஷ் குறி

பழைய மெயில் சர்வரைப் புது இயந்திரத்துக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தபோது இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஓடிக்கொண்டிருந்தது எக்சிம் என்ற மெயில் மென்பொருள், கான்ஃபிக் கோப்பும் கையில் இருந்தது. டிஸ்ட்ரோ (இயங்குதளத் தொகுப்பு) தயாராகத் தரும் பேக்கேஜை நிறுவி, கான்ஃபிக்கை நகலெடுத்துப் போட்டால் தீர்ந்தது என்று கணக்கு. ஆனால் எனக்கு முன்னால் அந்த சர்வரைப் பார்த்துக்கொண்டவர், லோக்கல் ஸ்கேன் என்று எக்சிம் விட்டுவைத்திருக்கும் இடத்தில் சி-யில் ஒரு ஃபங்ஷன் எழுதிச் சேர்த்தே கம்பைல் செய்திருந்தார். வருகிற ஒவ்வொரு மெயிலையும் ஏற்றுக்கொள்வதற்கு முன் அது ஒருமுறை பார்க்கும். கான்ஃபிக்கில் எழுதிச் சேர்க்கிற சமாச்சாரம் இல்லை, பைனரிக்குள்ளேயே, அதாவது கம்பைல் ஆகி ஓடும் கோப்புக்குள்ளேயே, இருக்க வேண்டும். ஆக, சோர்ஸிலிருந்து நாமே பில்ட் செய்வதைத் தவிர வழியில்லை. அவர் எழுதிய சி கோப்பு கிடைத்தது. எந்தெந்த ஆப்ஷன்களோடு பில்ட் செய்தார் என்பது எங்கேயும் கிடைக்கவில்லை.

எக்சிமில் கன்ஃபிகர் ஸ்கிரிப்டை ஓட்டி, அதுவே எல்லாவற்றையும் தேடிக் கண்டுபிடிக்கும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. சோர்ஸில் எடிட்மீ என்றே பெயர் வைத்து ஒரு கோப்பு இருக்கும். அதை லோக்கல் என்ற ஃபோல்டருக்குள் மேக்ஃபைல் என்ற பெயரில் நகலெடுத்து, மேலிருந்து கீழ்வரை படித்துப் படித்துத் திருத்த வேண்டும். 1995-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஹேசல் எழுதத் தொடங்கிய மென்பொருள் இது. இந்தக் கோப்பில் அமைப்பு வரிகளைவிட விளக்கக் குறிப்புகள்தான் அதிகம், நிதானமாகப் படித்தால் பாதி மேனுவலைப் படித்த மாதிரி. நான் நிதானமாகப் படிக்கவில்லை.

சில விஷயங்களில் அது கறார். எந்த யூசராக ஓட வேண்டும் என்ற எக்சிம் யூசர் வரியைக் காலியாக விட்டால் பில்ட் அங்கேயே நின்றுவிடும். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் என்று எழுதினாலும் ஒத்துக்கொள்ளாது. இந்த மாதிரி முரண்டு பிடிக்கிற ஆப்ஷன்களால் யாருக்கும் பிரச்சினை வந்ததில்லை. வாயே திறக்காத ஆப்ஷன்கள்தான் ஆளைக் கவிழ்க்கும். யூசர், முகவரி விவரங்களை எங்கே போய்த் தேடுவது என்பதற்கான லுக்கப் வரிகள் அந்த வகை. எல்சர்ச், டிபிஎம், டிஎன்எஸ்டிபி மூன்றும் ஆரம்பத்திலேயே திறந்திருக்கும், மைசீக்வல் தரவுத்தளம், யூசர் விவரங்களை வைக்கும் எல்டாப் டைரக்டரி போன்றவை வரியின் தொடக்கத்தில் ஹாஷ் குறி (#) போட்டு மூடியிருக்கும், அப்படி மூடிய வரியை பில்ட் கண்டுகொள்ளாது. வேண்டுமென்றால் நாம்தான் திறக்க வேண்டும்.

எல்டாப் வரியை நான் திறக்கத்தான் செய்தேன். பில்ட் செய்யும் மேக் கட்டளையை ஓட்டினால், அதற்குத் தேவையான எல்டாப் ஹெடர் கோப்பைக் காணோம் என்று நின்றது. சரி, மற்றதெல்லாம் பில்ட் ஆகிறதா பார்ப்போம், இதைத் தற்காலிகமாக மூடி வைப்போம் என்று ஹாஷைத் திரும்பப் போட்டேன். மளமளவென்று முடிந்தது. முடிந்த சந்தோஷத்தில் அந்தத் தற்காலிகம் மறந்தே போய்விட்டது.

சோதித்துப் பார்க்காமலும் இல்லை. எக்சிமிடம் கான்ஃபிக்கைப் படித்துப் பார்க்கும் பிவி (-bV) ஆப்ஷன் கொடுத்து ஓட்டினேன், கான்ஃபிக்கில் பிழை எதுவும் சொல்லவில்லை. எனக்கே ஒரு மெயில் அனுப்பினேன், வந்தது. வராமல் என்ன செய்யும், என் முகவரி இருந்தது சாதாரண ஏலியாஸ் கோப்பில், அதைப் படிக்க எல்சர்ச் போதும். மற்றவர்களின் முகவரிகள் அதற்கு அடுத்த ரவுட்டரில், அதாவது ஒரு முகவரிக்கு வந்த மெயிலை என்ன செய்வது என்று எக்சிம் முடிவெடுக்கும் விதியில், எல்டாப் வினவலுக்குள் இருந்தன. அந்த வினவல் கான்ஃபிக்கைப் படிக்கும்போது வெறும் எழுத்துச் சரம்தான், ஒரு மெயில் அந்த ரவுட்டர் வரைக்கும் போனால்தான் அதை விரித்துப் பார்க்கும். எல்டாப் சர்வரின் பெயரை கான்ஃபிக்கின் மேல்பகுதியில் தனி அமைப்பாக எழுதியிருந்தாலாவது, இப்படி ஒரு ஆப்ஷனே தெரியாது என்று எக்சிம் முதல் நொடியிலேயே கத்தியிருக்கும். முன்னவர் அதையும் வினவலுக்குள்ளேயே வைத்துவிட்டார்.

மாலையில் மாற்றினேன். இரவு முழுக்க ஒரு புகாரும் இல்லை, எல்லாம் சுபம் என்று தூங்கினேன். காலையில் பக்கத்து டீமிலிருந்து ஒருவர் வந்து, “நேத்து சாயங்காலத்துல இருந்து யாருக்குமே ஒரு மெயிலும் வரலையே சார், இன்னைக்கு லீவா?” என்றார். க்யூவை எண்ணச் சொன்னால் நூற்றுக்கணக்கில் காட்டியது. லாகில் வரிக்கு வரி ஒரே பல்லவி: எல்டாப் லுக்கப் இந்த பைனரியில் இல்லை, பில்ட் அமைப்பைப் பார். அதைவிடத் தெளிவாக ஒரு மென்பொருள் சொல்ல முடியாது, இரவெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

நல்லவேளை, எக்சிம் இதை நிரந்தரத் தோல்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. வெளியிலிருந்து வந்தவற்றை வாசலிலேயே 451 என்ற தற்காலிகப் பிழை சொல்லித் திருப்பியிருந்தது, அவை அனுப்பியவர்களின் சர்வர்களில் காத்திருந்தன. எங்கள் ஆட்கள் அனுப்பியவை ஸ்பூலில், அதாவது மெயில் காத்திருக்கும் ஃபோல்டரில், கிடந்தன. தாமத அறிவிப்பு அனுப்ப இயல்பாகவே 24 மணி நேரம் ஆகும், அதனால்தான் அவர்களுக்கும் எதுவும் தெரியவில்லை. ஹெடர்களை நிறுவி, எல்டாப் லைப்ரரி எந்த வகை என்ற வரியையும் சேர்த்து, ஹாஷை எடுத்துவிட்டு மறுபடி பில்ட் செய்தேன். இன்ஸ்டால் செய்யும்போது பைனரியைப் பதிப்பு எண்ணோடு தனிப் பெயரில் வைத்து சிம்லிங்கை (அதைச் சுட்டும் குறுக்குவழியை) மட்டும் மாற்றுவதால், ஏதாவது ஆனால் திரும்பிப் போக வழி இருந்தது. க்யூவைக் கட்டாயமாக ஓட்டினேன், பத்து நிமிடத்தில் வடிந்தது.

அப்புறம்தான் உறைத்தது. பழைய இயந்திரம் அந்தப் பக்கம் சும்மாதான் இருந்தது, அதில் அதே பிவி-யை ஓட்டியிருந்தால் எந்தெந்த லுக்கப், எந்தெந்த ரவுட்டர், எந்த ஆதென்டிகேட்டர் உள்ளே இருக்கிறது என்று பட்டியலே தந்திருக்கும். நான் அந்த வெளியீட்டின் கடைசி வரியை மட்டும் பார்த்துப் பழகியவன்.

இன்னொன்றும் அதே வாரம் நடந்தது. அந்த பைனரியை மாற்று சர்வருக்கு அப்படியே நகலெடுத்தேன், ஸ்பூலில் எழுத அனுமதியில்லை என்றது. எக்சிம் யூசரைப் பெயராகக் கொடுத்தால் பில்ட் நேரத்திலேயே அதன் யூஐடியை (யூசர் அடையாள எண்ணை) பார்த்து உள்ளே பதித்துவிடும், மாற்று சர்வரில் அந்த எண் வேறு யாருடையதோ. பெயருக்கு முன்னால் ரெஃப், ஒரு முக்காற்புள்ளி (ref:) என்று போட்டால் ஓடும்போது தேடிக்கொள்ளும். இதுவும் எடிட்மீயில் எழுதியிருக்கிறது.

இதெல்லாம் ஏன் கான்ஃபிக்கில் இருக்கக்கூடாது என்று அப்போது எரிச்சல் வந்தது. சிலவற்றுக்கு இப்போது புரிகிறது. ரூட்டாக ஒருபோதும் டெலிவரி செய்யாதே என்ற ஃபிக்ஸ்டு நெவர் யூசர்ஸ் வரியைப் பைனரிக்குள் பூட்டிவிட்டால், கான்ஃபிக்கில் யார் என்ன எழுதினாலும் அதற்கு மேல் சேர்க்கத்தான் முடியும், குறைக்க முடியாது. எல்டாப் லுக்கப்புக்கு அப்படிக் காரணம் ஒன்றும் இல்லை, அதைத் தனி மாட்யூலாகவும் பில்ட் செய்யலாம்.

இப்போது அந்த மேக்ஃபைல், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் (git) இருக்கிறது. பழைய பிவி வெளியீட்டையும் புதியதையும் வரிக்கு வரி ஒப்பிடும் டிஃப் போட்டுப் பார்க்காமல் மாற்றுவதில்லை. ஒவ்வொரு ரவுட்டருக்கும் ஒரு முகவரி எடுத்து பிடி (-bt) ஆப்ஷனில் ஓட்டுவேன், மெயில் அனுப்பாமலேயே அது எந்த ரவுட்டரில் போய் நிற்கிறது என்று காட்டிவிடும். ஒரு வரியை மூடினால் மூடிய காரணத்தை அதற்கு மேலேயே எழுத வேண்டும் என்று டீமில் சொல்லியிருக்கிறேன். போன வாரம் திறந்து பார்த்தேன், மூன்று இடத்தில் ‘தற்காலிகமாக’ என்று இருந்தது. அதில் ஒன்று நான் எழுதியது, இரண்டு வருடம் ஆகிறது.