பிலடெல்பியாவில் ஓர் அறையும் ஒரு வீடும்

பிலடெல்பியாவுக்கு வருகிற எல்லோரும் முதலில் இண்டிபென்டன்ஸ் ஹாலுக்குத்தான் போகிறார்கள். 1776-ல் அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனத்தை ஏற்றதும் 1787-ல் அரசியலமைப்பை வகுத்ததும் அங்கே ஒரே அறையில்தான். பச்சைத் துணி விரித்த மேஜைகள், மைக்கூடுகள், இறகுப் பேனாக்கள். அவற்றில் பெரும்பாலானவை அதே காலத்தைச் சேர்ந்த வேறு பொருட்கள். ஆனால் 1787 கூட்டத்துக்கு ஜார்ஜ் வாஷிங்டன் அமர்ந்து தலைமை தாங்கிய நாற்காலி அசல். அதன் முதுகின் உச்சியில் பொன் பூசிய பாதிச் சூரியன் செதுக்கப்பட்டிருக்கிறது. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆளப்படுகிறவர்களின் சம்மதம் இல்லாமல் ஆட்சிக்கு உரிமை கிடையாது என்பது ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக்கின் வாதம். அதிகாரம் ஒரே கையில் குவிந்தால் சுதந்திரம் செத்துவிடும் என்றார் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மான்டெஸ்கியூ. இந்த இரண்டையும் சட்டமாக்க 1787 கோடையில் 55 பேர் ரகசியமாகக் கூடி வாதாடினார்கள். கையெழுத்திட்டவர்கள் 39 பேர். மக்களின் உரிமைகளைப் பட்டியலிடாத ஆவணத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றார் வர்ஜீனியாவின் பிரதிநிதி ஜார்ஜ் மேசன். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை. அந்தப் பட்டியல் 1791-ல்தான் அரசியலமைப்பின் முதல் பத்துத் திருத்தங்களாக வந்தது.

ஆனால் அந்த மேசனிடமும் அடிமைகள் இருந்தார்கள். மாநிலங்களின் பிரதிநிதித்துவத்தைக் கணக்கிட, அடிமைகளின் எண்ணிக்கையில் ஐந்தில் மூன்று பங்கைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவானதும் இதே அறையில்தான். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

அங்கிருந்து சில நிமிடம் நடந்தால், ஆறாவது தெருவும் மார்க்கெட் தெருவும் சந்திக்கும் மூலையில், வாஷிங்டன் ஜனாதிபதியாக இருந்தபோது குடியிருந்த வீட்டின் இடம் வருகிறது. வீடு இப்போது இல்லை. பழைய அஸ்திவாரத்தைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். அங்கே அவர் அடிமைகளாக வைத்திருந்த ஒன்பது பேரின் பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. பிலடெல்பியா இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தின் அன்றைய சட்டப்படி, வெளியிலிருந்து கொண்டுவந்த அடிமை ஆறு மாதம் தொடர்ந்து மாநிலத்துக்குள் தங்கினால் விடுதலை கோரலாம். அதைத் தவிர்க்க அவர்களை அவ்வப்போது மாநில எல்லைக்கு வெளியே அனுப்பித் திரும்ப அழைத்துக்கொண்டார் வாஷிங்டன். படிக்கவே கசந்தது.

அந்த ஒன்பது பேரில் ஒருவர் ஓனி ஜட்ஜ். 1796 மே மாதத்தில், வாஷிங்டன் குடும்பத்தார் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வீட்டைவிட்டு வெளியேறி, வடக்கே உள்ள நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக்குக் கப்பலேறினார். தேடி ஆள் அனுப்பியும் அவர் திரும்பவில்லை. லாக் சொன்ன சம்மதத்துக்கு அந்த நகரத்தில் நான் கண்ட மிகத் தெளிவான விளக்கம் அவர்தான்.

போகிறவர்கள் இந்த மூலையை முதலில் பாருங்கள். டிக்கெட் வேண்டாம், வரிசையும் இல்லை. ஹாலுக்குள் அதன் பிறகு போகலாம்.