யாரும் குழாயைத் திறக்கவில்லை

ஜூன் 14, குமுளி

ராத்திரி ரெண்டு மணிக்குப் பம்பு தானாக 'டுர்ர்' என்று ஓடி நின்றது. பத்து நிமிஷம் கழித்து மறுபடி. "என்னங்க, பாத்ரூம்ல யாரு?" என்றாள் மனைவி தூக்கக் கலக்கத்தில். வீடாக மாற்றிய வேனில் இருப்பதே நாங்கள் ரெண்டு பேர்தான்.

எங்களுடையது 12 வோல்ட் பம்பு. லைனில் பிரஷர் குறைந்தால் ஓடும், ஏறினால் நிற்கும். எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது ஓடுகிறது என்றால், ஒன்று எங்கோ ஒழுகுகிறது, இல்லை பம்பு வால்வு பிடிக்காமல் தண்ணீர் டேங்குக்கே திரும்புகிறது. சுவிட்சை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

ஜூன் 15

விடாத மழை. மெத்தை மூலையில் ஈரம். இந்த ஊர் மழையில் எது கூரைத் தண்ணீர், எது பைப் தண்ணீர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? துடைத்துவிட்டு ஒவ்வொரு ஜாயின்டுக்கும் கீழே பழைய பேப்பரை விரித்தேன். அரை மணியில் சிங்க்குக்கு அடியில் இருந்த பேப்பரில் அஞ்சு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு வட்டம். டார்ச் அடித்தால் ஒன்றும் தெரியவில்லை. விரலை வைத்தால் ஈரம். பைப் முனையில் ஒட்டிய எஃப்டிஏ, அதாவது உள்மரை உள்ள பிளாஸ்டிக் துண்டு; அதன் மரை வாயில் மயிரிழை போல ஒரு விரிசல்.

கைங்கரியம் என்னுடையதுதான். போன வருஷம் சிங்க் குழாயின் பித்தளைக் காலில் டெஃப்லான் டேப்பைப் பதினைந்து சுற்று சுற்றி, ரிஞ்ச் போட்டு முறுக்கியிருந்தேன். பித்தளை விட்டுக்கொடுக்காது, பிளாஸ்டிக்தான் பிளக்கும். போதாததற்கு லோயர் கேம்ப்பிலிருந்து ஏறும் வளைவுகள். அசையாத சுவருக்கான சிபிவிசி என்ற விறைப்பான பிளாஸ்டிக் பைப்பை வேனில் இறுக்கி ஒட்டினால், குலுங்கும் குலுக்கல் எல்லாம் ஜாயின்டில்தான் வந்து இறங்கும்.

அந்தச் சரிவில்தான் பவர் ஹவுஸுக்கு நாலு ராட்சதக் குழாய்கள் இறங்குகின்றன. பென்னிகுவிக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி 1895-இலேயே பெரியாற்றுத் தண்ணீரை மலையைக் குடைந்து கம்பம் பக்கம் அனுப்பிவிட்டார். எனக்கு ஆறடி தூரம் ஒழுகாமல் கொண்டுபோக முடியவில்லை.

ஹார்டுவேர் கடைச் சேட்டன் உடைந்த துண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணா, வண்டிக்கு ஹோஸ் போதும். அது ஆடிட்டே போகட்டும்."

ஜூன் 16

பம்பை நிறுத்தி, குழாய்களைத் திறந்து பிரஷரை இறக்கிவிட்டுத்தான் ஹாக்சா வைத்தேன். அப்படியும் முழங்கால் நனைந்தது. பிசிறு சீவி, சொல்யூஷன் தடவி, மரை வெளிப்பக்கம் இருக்கும் எம்டிஏ துண்டை ஒட்டினேன். அதற்கும் குழாய்க்கும் நடுவே ஒன்றரை அடி கனெக்‌ஷன் ஹோஸ், கொஞ்சம் தொய்வாக. நட்டுக்குள் ரப்பர் வாசர் இருப்பதால் டேப்பே வேண்டாம். கையால் இறுக்கி, ரிஞ்சில் கால் சுற்று. அதற்கு மேல் தொடக் கூடாது என்று ரிஞ்சை அவளிடமே கொடுத்துவிட்டேன். சொல்யூஷன் காய ஒரு ராத்திரி. பக்கெட் தண்ணீரில் சமையல்.

ஜூன் 17

காலையில் சுவிட்ச் போட்டதும் பம்பு கொஞ்ச நேரம் ஓடி நின்றது. மதியம் வரை சத்தமே இல்லை. பேப்பர் மொடமொடவென்று காய்ந்து கிடந்தது.

ராத்திரி படுக்கப் போனால் மெத்தை மூலை மறுபடி ஈரம். அப்போ அது கூரைதான்.