பாரீசில் ஏறிய அம்மாவும் 600 யூரோவும்

2023 நவம்பரில் அம்மா, பாரீசில் அக்கா வீட்டில் இருந்துவிட்டுப் புதுச்சேரி திரும்பினார். வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாற வேண்டும். அங்கே இரண்டாவது விமானம் பழுதாகி நின்றுவிட்டது. 71 வயதில் இரவு முழுக்க நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார். மீனம்பாக்கம் வந்து சேர்ந்தபோது 9 மணி நேரத் தாமதம், கால் இரண்டும் வீக்கம். திண்டிவனம் தாண்டும் வரை அவர் பேசவே இல்லை.

பக்கத்து வீட்டு மாமா பழைய சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர். விஷயம் கேட்டதும், "பாரீசுலதானே ஏறினாங்க? அப்போ 261 இருக்கு தம்பி, எழுதிப் போடு" என்றார்.

261/2004 என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விமானப் பயணிகள் சட்டம். ஐரோப்பிய ஆணையம் வரைவு தர, ஐரோப்பிய நாடாளுமன்றமும் உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடும் கவுன்சிலும் சேர்ந்து 2004இல் நிறைவேற்றி, 2005 பிப்ரவரி 17 முதல் நடப்புக்கு வந்தது. இது 'ரெக்லமான்' வகை. மாமா சொன்னபடி, ரெடிமேட் சட்டை: எந்த நாட்டு நாடாளுமன்றமும் தனியாக ஏற்க வேண்டியதில்லை, அப்படியே செல்லும். 'திரெக்திவ்' என்ற இன்னொரு வகைச் சட்டம் துணி மாதிரி. கெடுவுக்குள் ஒவ்வொரு நாடும் தன் அளவுக்குத் தைத்துக்கொள்ள வேண்டும்.

சரி என்று விமான நிறுவனத்துக்கு எழுதினேன். மூன்று வாரத்தில் மறுப்பு வந்தது. தாமதமானது வளைகுடாவில் கிளம்பிய விமானமாம், தாங்கள் ஐரோப்பிய நிறுவனமும் இல்லையாம், பழுது தங்கள் கையில் இல்லையாம்.

விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். அம்மாவின் காலைப் பார்த்த பிறகு மனம் கேட்கவில்லை. சட்டத்தைப் படித்தால், தாமதத்துக்கு இழப்பீடு தர வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை! ரத்துக்கும், டிக்கெட் இருந்தும் ஏற்ற மறுத்தால் அதற்கும்தான் இருக்கிறது. 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானாலும் இழப்பீடு உண்டு என்று 2009இல் சொன்னது லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம். வழக்கமான இயந்திரப் பழுது சாக்கு ஆகாது என்பது 2008 தீர்ப்பு. எனக்குக் கைகொடுத்தது 2018 மே 31 தீர்ப்பு. பெர்லினில் ஏறி, கசாபிளாங்காவில் மாறி, அகாதிர் போன ஒரு பயணியின் வழக்கு அது. சந்தேகம் வந்த ஜெர்மன் நீதிமன்றம் லக்சம்பர்க்கைக் கேட்டது. ஒரே பதிவில் எடுத்த டிக்கெட் என்றால் முழுவதும் ஒரே பயணம்தான், அது தொடங்கிய இடம் ஐரோப்பா என்பதால் சட்டம் செல்லும் என்று பதில் வந்தது. அந்தப் பதில் எல்லா உறுப்பு நாட்டு நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். முகம் தெரியாத அந்தப் பயணிக்கு நான் கடன்பட்டவன்.

மூன்று தீர்ப்புகளையும் குறிப்பிட்டு மறுபடி எழுதினேன். இரண்டு மாதம் பதிலே இல்லை. அப்புறம் அக்கா பிரான்சின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககத்தில் புகார் பதிந்தார். இந்தச் சட்டத்தை அமல்படுத்த ஒவ்வொரு நாடும் ஓர் அமைப்பை நியமித்தாக வேண்டும்; பிரான்சில் அதுதான். நீதிமன்றம் மாதிரி அது தீர்ப்புச் சொல்லாது. ஆனால் ஐந்தாவது வாரம் நிறுவனமே வங்கிக் கணக்கு விவரம் கேட்டு எழுதியது. 3,500 கிலோமீட்டருக்கு மேல் என்பதால் 600 யூரோ வந்தது.

இதே நிறுவனத்தில் சென்னையிலிருந்து பாரீஸ் போகும்போது தாமதமாகியிருந்தால் இந்தச் சட்டம் உதவியிருக்காது. வெளியிலிருந்து ஐரோப்பாவுக்குள் போகும் விமானம் ஐரோப்பிய நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும்.

பணம் வந்ததும் அம்மா முதலில் கேட்டது, அன்று தன் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் கொடுத்த வில்லியனூர்ப் பையனைப் பற்றி. அவரும் பாரீசில் ஏறியவர்தான். தேடிப் பிடித்துப் பேசினேன். போர்டிங் பாஸைத் தூக்கிப் போட்டுவிட்டாராம். டிக்கெட் பதிவு உறுதி மின்னஞ்சல் இருந்தால் போதும், பிரான்சில் 5 ஆண்டு வரை கேட்கலாம் என்று சொல்லி, என் கடிதத்தின் நகலை அனுப்பிவைத்தேன்.