கால் மைல் ட்ராக்ல ஒரு சனிக்கிழமை ராத்திரி

அமெரிக்கால சார்லட்ல இருந்து வின்ஸ்டன்-சேலம் ஒன்றரை மணி நேரம் தான், ஆனா அங்க கார் ரேஸ் நடக்குற போமன் கிரே ஸ்டேடியம் போகணும் போகணும்னு ரெண்டு வருஷமா சொல்லிட்டே இருந்து இந்த கோடைல தான் கிளம்பினேன். உள்ள நுழைஞ்சா முதல்ல தெரியுறது கோடு போட்ட ஃபுட்பால் கிரவுண்டு, அதைச் சுத்தி ஒரு தார் ட்ராக், அவ்ளோ தான். கால் மைல். ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேல 400 மீட்டர் ஓடுவோமே அந்த ஒரு ரவுண்டு, அதுல தான் இத்தனை காரும் மோதிக்கிட்டு ஓடுது!

ட்ராக்கு சுத்தமா தட்டை, வளைவுல பெரிய ட்ராக் மாதிரி சாய்வு கிடையாது, அதனால உள்பக்கம் பிடிச்சவன் தான் ராஜா, வெளிப்பக்கம் மாட்டிக்கிட்டா பின்னாடி வர்றவன்லாம் வரிசையா உள்ள புகுந்து போய்ட்டே இருப்பான். முந்தணும்னா முன்னாடி கார் பம்பர்ல ஒரு தட்டு, அவன் ஒரு அடி விலகுற கேப்ல நுழையணும். அந்த தட்டு எவ்ளோ பலமா இருக்கணும்ங்கறதுல தான் மொத்த வித்தையும் இருக்கு, கொஞ்சம் கூடினா சண்டை தான். இந்த ஸ்டேடியத்துக்கு மேட்ஹவுஸ், அதாவது பைத்தியக்கார வீடுன்னு சும்மாவா பேரு வெச்சாங்க.

நாஸ்கார்ங்கற அமெரிக்க கார் ரேஸ் அமைப்பை உருவாக்கின பில் ஃபிரான்ஸும், ஆல்வின் ஹாக்கின்ஸும் 1949-ல இங்க ஆரம்பிச்சது, நாஸ்கார் வாராந்திர ரேஸ் இவ்ளோ காலமா நடக்குற இடம் வேற கிடையாது. 1958-ல இருந்து 1971 வரைக்கும் நாஸ்காரோட முதல் தர சீரிஸும் இங்க ஓடுச்சு, பிரபல டிரைவர் ரிச்சர்ட் பெட்டியோட 100-வது வெற்றி 1969-ல இங்க தான்.

எனக்கு மனசுல நின்னது அந்த சீரிஸ் இங்க 1971-ல ஓடின கடைசி ரேஸ். பாபி அலிசன்ங்கற டிரைவர் ஒரு சின்ன மஸ்டாங் கார்ல வந்து பெட்டியை ஜெயிச்சாரு, ஆனா அது வேற சீரிஸ் காருன்னு நாஸ்கார் அந்த வெற்றியை அவர் கணக்குல சேர்க்கவே இல்ல. 53 வருஷம் கழிச்சு 2024 அக்டோபர்ல தான் 85-வது வெற்றின்னு ஒத்துக்கிட்டாங்க, அடுத்த மாசமே இறந்துட்டாரு. அவர் உயிரோட இருக்கும்போதே நடந்துச்சே, அது போதும்.

அன்னிக்கு கடைசியா மாடிஃபைட் ரேஸ், டயர் நாலும் பாடிக்கு வெளிய தெரியுற கார். டிரைவர் பேரை மைக்ல சொன்னதும் பாதி கூட்டம் கைத்தட்டுது, பாதி கூட்டம் கூச்சல் போடுது. பக்கத்துல ஒரு தாத்தா, சின்ன வயசுல அப்பா கூட இதே வரிசைல உக்காந்து பார்த்தாராம், இப்போ பேத்தி மடில. கார் கிட்ட வரும்போதெல்லாம் அந்தக் குட்டியோட ரெண்டு காதையும் பொத்திக்கிட்டாரு. ராத்திரி ரூமுக்கு வந்து சட்டையை உதறினா கருப்பு கருப்பா ரப்பர் துகள் கொட்டுது.