ஸ்பர்ஸின் முதல் மாதத்தில் எதைப் பார்ப்பது

முதல் ஐந்து ஆட்டத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். அமெரிக்க என்பிஏ கூடைப்பந்து அணியான சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் 2023-24 சீசனை 3 வெற்றி, 2 தோல்வி என்று தொடங்கியது. பீனிக்ஸ் அணிக்கு எதிராக ஸ்பர்ஸின் புது வீரர் வெம்பன்யாமா 38 புள்ளி குவித்தார். பிறகு வரிசையாக 18 தோல்வி. சீசன் 22 வெற்றி, 60 தோல்வியில் முடிந்தது.

கோளாறு பந்தைக் கொண்டுவருபவரிடம் இருந்தது. முன்கள வீரரான (ஃபார்வர்ட்) ஜெரமி சோஹனை, பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டாக இறக்கினார்கள். வெளியிலிருந்து அவர் போடும் ஷாட்டுக்கு எதிரணி அஞ்சவில்லை. அவரைத் தடுக்க வேண்டிய எதிரணி வீரர் பின்வாங்கிக் கூடைக்கு அருகே நின்றுகொண்டார். கூடைக்கு அருகே ஆடும் ஸ்பர்ஸ் சென்டர் சாக் காலின்ஸும் அங்கேதான். 7 அடி 4 அங்குல வெம்பன்யாமாவுக்குப் பந்தைத் தூக்கிப்போட இடமேது? டிசம்பரில் வெம்பன்யாமாவையே சென்டராக்கி, பிறகு பாயின்ட் கார்டு டிரே ஜோன்ஸிடம் பந்தைக் கொடுத்ததும்தான் ஆட்டம் சீரானது. இதை இன்னும் சீக்கிரம் செய்திருக்கலாம் என்பதே என் கருத்து.

மூன்று புள்ளி ஷாட் சதவீதம் தொடக்கத்தில் தாறுமாறாக ஏறி இறங்கும். அதைவிட டர்ன்ஓவரை, அதாவது பந்தை எதிரணியிடம் இழப்பதை, எண்ணுங்கள்.

மொரீஷியஸ் ரசிகர்களுக்கு ஒன்று: சான் அன்டோனியோவில் இரவு 7 மணி ஆட்டம் இங்கே மறுநாள் அதிகாலை 4. நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரம் மாறியதும் 5. வேலைக்கு பஸ் பிடிக்க வேண்டுமென்றால், முதல் ஆறு நிமிடமும் மூன்றாம் குவார்ட்டரின் தொடக்கமும் போதும். பெரும்பாலும் தொடக்க ஐவரே அப்போது களத்தில் இருப்பார்கள்.