ஹைட்ரேஞ்சியாவுக்குக் கோப்பிச் சக்கை: கிளிநொச்சி முற்றத்து நாட்குறிப்பு

பெப்ரவரி 11

சின்ன மாமி நுவரெலியாவிலிருந்து வந்திருக்கிறார். வவுனியாவில் பஸ் மாறும்போதுகூட மடியிலிருந்து இறக்காமல் ஒரு பூச்சாடியைக் கொண்டுவந்து சேர்த்தார். ஹைட்ரேஞ்சியா. நல்ல நீலத்தில் கொத்துக் கொத்தாகப் பூ. அதைக் கண்டதும் மாமி அடுப்படியை விட்டு முற்றத்துக்கு வந்துவிட்டார். அவர் பிறந்தது மலையகத் தோட்டமொன்றில். 1977 கலவரத்துக்குப் பின் வன்னிக்கு வந்த குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. தோட்டத் துரையின் பங்களா வாசல் நெடுக இந்தப் பூ நின்றதாம்; தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்ப்பார்களாம். இன்று அது எங்கள் முற்றத்தில் நிற்கிறது. இதை நான் சாகவிடப் போவதில்லை.

1,868 மீற்றர் உயரத்துக் குளிரில் வளர்ந்த செடி இது. கிழக்குப் பக்கத்து வேம்பின் கீழே வைத்திருக்கிறோம். காலை வெயில் சிறிது படும், மதிய வெயில் அறவே படாது.

பெப்ரவரி 19

வந்து பார்த்த எல்லாரும் ஒன்றையே சொல்கிறார்கள்: கோப்பிச் சக்கை போடு, நீலம் மாறாது, சக்கையில் அமிலம் இருக்கிறது. எங்கள் வீட்டில் மாலையில் கோப்பிதான், ஆகவே சக்கைக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் சோதிக்காமல் நம்ப எனக்கு மனமில்லை. அயலில் இருக்கும் விஞ்ஞான ஆசிரியை அக்கா அமிலமா காரமா என்று காட்டும் பீஎச் தாள் கொண்டுவந்தார். சக்கையை மழைநீரில் ஊறவைத்துத் தாளைத் தோய்த்தோம். ஏழுக்குச் சற்றுக் கீழே, கிட்டத்தட்ட நடுநிலை. கோப்பியின் அமிலம் நீரில் கரைவது. பெரும்பகுதி நாம் குடிக்கும் குவளைக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு கிணற்று நீரில் தோய்த்தோம். தாள் எட்டை நெருங்கியது, அதாவது காரப் பக்கம். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பு இந்த நீரிலிருந்து வருவதுதானே.

சக்கை எவ்வளவு போட்டாலும் நாள்தோறும் ஊற்றும் கிணற்று நீர் அதை வென்றுவிடும்.

மார்ச் 6

நீலம் எங்கிருந்து வருகிறது என்று மாமிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அலுமினியத்திலிருந்து வருகிறது. மண்ணில் அலுமினியம் எங்கும் உண்டு, வன்னிச் செம்மண்ணிலும் உண்டு. ஆனால் அமில மண்ணில்தான் அது கரைந்து வேருக்குக் கிடைக்கும். பீஎச் 5.5க்குக் கீழே இருந்தால் பூ நீலம், 6.5க்கு மேலே போனால் இளஞ்சிவப்பு, இடையில் ஊதா. வெள்ளைப் பூ இனம் மட்டும் எந்த மண்ணிலும் வெள்ளையாகவே இருக்கும்.

மாமி உடனே கேட்டார்: "அப்படியென்றால் தேயிலை மண் அமிலமா, பிள்ளை?" ஆம், தேயிலை நன்றாக வளர்வது 4.5 முதல் 5.5 வரையுள்ள மண்ணில். பங்களா வாசலில் யாரும் எதுவும் போடாமலே பூ நீலமாக நின்றதற்கு அந்த மண்ணே காரணம். தேயிலைக்கு முன் அந்த மலைகளில் கோப்பிதான் நின்றது. மாமியின் முன்னோர் கடல் கடந்து வந்ததும் கோப்பித் தோட்டங்களுக்குத்தான். 1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது, தேயிலை வந்தது. இதை மாமி தன் பாட்டியின் வாய்மொழியாகக் கேட்டிருக்கிறார்.

அலுமினியத்துக்குப் படிகாரம் வாங்கினேன். நான்கு லீற்றர் மழைநீருக்கு ஒரு தேக்கரண்டி, மாதம் ஒருமுறை, மண்ணை முதலில் நனைத்த பிறகு. கூடினால் வேர் கருகும்.

ஏப்ரல் 2

சக்கையைக் கைவிடவில்லை. அது சாயம் இல்லை, உணவு. நிறையில் சுமார் 2 சதவீதம் தழைச்சத்து இருக்கிறது; மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் உக்கவைத்து மெல்ல மெல்ல விடுவிக்கும். நிழலில் உலர்த்தி, உக்கிய வேப்பிலையோடு கலந்து, விரல் நுனி அளவு மொத்தத்தில் தூவுகிறேன். தண்டைத் தொடாமல் சற்றுத் தள்ளி. தடிப்பாகக் கொட்டினால் சக்கை ஓடுபோல இறுகி நீரை உள்ளே விடாது. சீனி கலந்த மண்டியைப் போடுவதில்லை, எறும்பு வரும். விதைத்த பாத்திக்கும் போடக் கூடாது. எஞ்சியிருக்கும் கஃபீன் முளையைத் தடுக்கும்.

கடைக்காரர் கலப்புப் பசளை தந்தார். வேண்டாம் என்றுவிட்டேன். மணிச்சத்து மிகுந்தால் அலுமினியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

யூன் 15

கச்சான் காற்று அடித்து வீசுகிறது. புழுதி வேறு. மேற்குப் பக்கம் கிடுகு மறைப்புக் கட்டினோம். நண்பகலில் இலைகள் துவண்டு தொங்குகின்றன. மண் ஈரமாக இருந்தால் நான் நீர் ஊற்றுவதில்லை. மாலையில் தானாக நிமிர்ந்துவிடுகிறது. இளம் இலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் தெரிகிறது. காரத்தன்மையில் இரும்பு வேருக்குக் கிடைக்காத அடையாளம் இது. மழைநீர்த் தாங்கியின் அடியில் எஞ்சிக் கிடக்கும் நீரில் ஒரு சிறு வாளி இனிச் செடிக்கு. வீட்டில் யாரும் மறுத்துப் பேசவில்லை.

ஓகஸ்ட் 21

செடி நிற்கிறது. வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

நவம்பர் 9

மாரி பிடித்துவிட்டது. தாங்கி நிரம்பி வழிகிறது. புதுத் துளிர் ஒவ்வொன்றும் கரும்பச்சை, மஞ்சள் எங்கும் இல்லை. சாடியின் மேல்மண்ணைக் கிளறினால் மண்புழு. உக்கிய சக்கையின் வாசம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

மொட்டு மட்டும் இல்லை. இந்த இனம் பூமொட்டுக் கட்ட 18 பாகை செல்சியசுக்குக் கீழான குளிர் சில வாரங்கள் வேண்டும். கிளிநொச்சியில் மார்கழி இரவுகூட அவ்வளவு குளிராது. சக்கையோ படிகாரமோ இதற்கு உதவாது. மாமியிடம் இதை நேராகச் சொன்னேன். சிறிது நேரம் இலைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "மொட்டை அங்கே கட்டவைத்துக் கொண்டுவந்தால்?" என்று கேட்டார்.

முடியும். குளிரில் மொட்டுக் கட்டிய செடி இங்கே நிழலில் விரியும். பெப்ரவரியில் வந்த பூவும் அப்படித்தான் வந்தது. சின்ன மாமிக்கு இன்றிரவே தொலைபேசியில் சொல்லிவிட்டோம்: பொங்கலுக்கு வரும்போது பூத்த செடி வேண்டாம், மொட்டு விரியாத செடி வேண்டும். திரும்பும்போது எங்கள் செடியில் வேர்விட்ட பதியன் ஒன்றை அவர் எடுத்துப்போவார். அது அங்கே குளிரில் மொட்டுக் கட்டட்டும்.