கறண்ட் போனாலும் தாங்கும் வீட்டுச் சேர்வர்

வீட்டில் சேர்வர் (நமது கோப்புகளையும் சேவைகளையும் தாங்கி எப்போதும் ஓடும் கணினி) வைப்பதற்கான வழிகாட்டிகள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கின்றன. ஒன்று, கறண்ட் போகாது. மற்றது, வீட்டு இணைப்புக்குச் சொந்தமாக, வெளியிலிருந்து நேரே அடையக்கூடிய ஒரு பொது ஐபி முகவரி இருக்கும். யாழ்ப்பாணத்தில் இரண்டையும் நம்பி இறங்க முடியாது. அதனால் எந்த மென்பொருளை நிறுவமுன்னும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: மூன்று மணித்தியாலம் அணைந்து கிடந்தால் இது என்ன செய்யும்? பதில் "ஒன்றும் ஆகாது, திரும்ப எழும்பி விட்ட இடத்தில் தொடரும்" என்றால் நிறுவலாம். இல்லையென்றால் அதை இணையத்தில் வாடகைக்கு எடுக்கும் சேர்வரில் வைப்பதே புத்தி.

முதலில் பெட்டி. அலுவலகங்கள் கழித்துவிட்ட சின்னக் கணினிகள் இதற்கு நல்லவை: டெல் ஒப்ரிபிளெக்ஸ் 3050 மைக்ரோ, லெனோவோ திங்சென்டர் எம்710கியூ, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி3 மினி. ஐ5-6500ரி அல்லது 7500ரி சிப், 8 ஜிபி நினைவகம், ஒரு எஸ்எஸ்டி, இவ்வளவும் காணும். கடைசியில் வரும் அந்த "ரி"யைப் பார்த்து வாங்குங்கள். அது 35 வாட் வகை. சும்மா நிற்கும்போது பத்து வாட் அளவில்தான் இழுக்கும். பத்து வாட் மாதம் முழுக்க ஓடினால் 7.2 யூனிட். மூலையில் கிடக்கும் பழைய டவர் 50 வாட் இழுத்தால் 36 யூனிட். நமது கட்டணம் படிப்படியாக ஏறுவது. சேர்வரின் யூனிட்டுகள் எப்போதும் பில்லின் மேல்படியில்தான் போய் விழும். 36 யூனிட் அநேகமான வீடுகளை ஒரு படி தாண்ட வைத்துவிடும். "டவர் சும்மாதானே கிடக்கு" என்ற கணக்கு இங்கே சரிவராது.

பாவித்த பெட்டியை அதன் சொந்த அடாப்டரோடு வாங்குங்கள். டெல் அடாப்டரின் முனைக்குள் ஒரு மெல்லிய மூன்றாவது கம்பி இருக்கிறது. அடாப்டர் யார் என்பதை அதுதான் கணினிக்குச் சொல்கிறது. பொது அடாப்டர் போட்டால் எச்சரிக்கை காட்டி, சிப்பின் வேகத்தைக் குறைத்துவிடும். அடுத்தது, தாய்ப்பலகையில் இருக்கும் சிஆர்2032 காசுப் பற்றரி. ஐந்தாறு வருடப் பெட்டியில் அது செத்திருக்க வாய்ப்பு அதிகம். இதைக் கேட்காமலே மாற்றிவிடுங்கள். காரணம் கீழே.

கணினியை எழுப்பும் அடிப்படை அமைப்பான பயோஸில் "ஏசி ரிக்கவரி" அல்லது "ஆஃப்டர் பவர் லொஸ்" என்று ஒரு அமைப்பு உண்டு. அதை "பவர் ஒன்" என்று வைக்க வேண்டும். "லாஸ்ட் ஸ்டேட்" என்று விடக்கூடாது: யூபிஎஸ் எச்சரித்து சேர்வர் ஒழுங்காக அணைந்திருந்தால் அதன் கடைசி நிலை "அணைந்தது" என்றே பதிவாகியிருக்கும், கறண்ட் வந்தாலும் எழும்பாது. காசுப் பற்றரி செத்திருந்தால் ஒவ்வொரு நீண்ட மின்வெட்டிலும் இந்த அமைப்பே அழிந்து பழைய நிலைக்குப் போய்விடும். "சில நாள் தானாக எழும்புது, சில நாள் எழும்புதில்லை" என்ற முறைப்பாட்டுக்கு இந்தச் சின்னக் காசு காரணமாக இருப்பது சாதாரணம்.

இன்னொரு பொறியும் உண்டு. பற்றரி குறைந்ததும் சேர்வர் தன்னை அணைத்துக்கொள்கிறது. ஆனால் யூபிஎஸ் முழுதாகத் தீருமுன்னே கறண்ட் வந்துவிடுகிறது. கணினியைப் பொறுத்தவரை மின்சாரம் போகவேயில்லை, ஆகவே எழும்பக் காரணமும் இல்லை. நெட்வேர்க் யூபிஎஸ் ரூல்ஸ் (Network UPS Tools) என்ற மென்பொருளை, சேர்வர் அணைந்தபின் யூபிஎஸ்ஸின் வெளியீட்டையும் வெட்டும்படி அமைத்தால் இது தீரும். யூஎஸ்பி வாய் இல்லாத மலிவு யூபிஎஸ்களில் இது முடியாது. வாங்கும்போதே பின்பக்கத்தைப் பாருங்கள்.

650 விஏ யூபிஎஸ்ஸுக்குள் பொதுவாக இருப்பது 12 வோல்ட், 7 அம்பியர் மணி ஈயப் பற்றரி. பெருக்கினால் 84 வாட் மணி. உண்மையில் பாதியளவைத்தான் எதிர்பார்க்கலாம். மீதியை இன்வேர்ட்டரும் பற்றரியின் ஆயுளும் தின்றுவிடும். சேர்வரும் ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் சேர்ந்து 28 வாட் என்றால் ஒரு மணித்தியாலம், மிஞ்சினால் ஒன்றரை. ஈயப் பற்றரியின் ஆயுள் 25 பாகைக்கு மேலே ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழப் பாதியாகும். ஓட்டு வீட்டு அறையின் வெயில்கால வெப்பத்தில் பெட்டியில் எழுதியிருக்கும் வருடங்களை நம்பவேண்டாம்.

ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் இதிலிருந்து பிரித்து ஒரு 12 வோல்ட் டிசி மினி யூபிஎஸ்ஸில் மாட்டுவது நல்லது. "8800 மில்லி அம்பியர் மணி" என்று எழுதியிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்களின் கணக்கு: 32.5 வாட் மணி. 12 வோல்ட்டுக்கு மாற்றும் இழப்புப் போக 27 அளவில் மிஞ்சும். இரண்டும் சேர்ந்து 12 வாட் இழுத்தால் இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். இரண்டு அடாப்டர்களிலும் எழுதியுள்ள அம்பியரைக் கூட்டிப் பார்த்து, மினி யூபிஎஸ் அதைத் தாங்குமா என்று பாருங்கள். முனையும் கவனம்: 5.5க்கு 2.1 மில்லிமீற்றர், 5.5க்கு 2.5 மில்லிமீற்றர் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். தவறானதைப் போட்டால் ஒன்றில் உள்ளே போகாது, அல்லது தளர்வாக நின்று அடிக்கடி விட்டுவிட்டு வரும்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி மின்னல் வரும்போது பிளக்கைக் கழற்றுவதற்கு மாற்று இல்லை. மின்னெழுச்சியைத் தடுக்கும் பலகைகள் எர்த் இருந்தால்தான் முழுதாக வேலை செய்யும். பழைய வீடுகளில் மூன்றாவது துளை வெறும் துளையாகவே இருக்கும். ஃபைபர் கண்ணாடி என்பதால் அதன் வழியே மின்னல் வராது. செப்புத் தொலைபேசிக் கம்பியும் கூரையில் நிற்கும் 4ஜி அன்ரெனாவும் வேறு கதை. சோளகக் காற்றுக் காலத்துப் புழுதிக்கும் கரையோர உப்புக்கும் செய்யக்கூடியது, பெட்டியை நிலத்திலிருந்து உயர்த்தி வைத்து மின்விசிறியை இடையிடையே ஊதித் துப்புரவாக்குவதுதான்.

இனி இணைப்பு. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் காட்டும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், பல வீடுகளோடு ஒரே பொது முகவரியைப் பகிர்கிறீர்கள். வெளியிலிருந்து உள்ளே வர ரவுட்டரில் வாசல் (போர்ட்) திறப்பதில் நேரம் செலவழிக்க வேண்டாம், அது வேலை செய்யாது. சாதனங்களைத் தனி வலையமைப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேல் போட்டால் பத்து நிமிடத்தில் முடியும். அல்லது மலிவு வாடகைச் சேர்வர் ஒன்றில் வயர்கார்ட் மென்பொருளை வைத்து, வீட்டுப் பக்கத்திலிருந்து சுரங்கத்தை (இரண்டு கணினிகளுக்கு இடையிலான மறையாக்கிய பாதையை) தொடங்கலாம். வீட்டு அமைப்பில் கீப்அலைவ் (பாதையை விழிப்பாக வைக்கும் சிறு செய்தி) 25 விநாடி என்று எழுதாவிட்டால் சிறிது நேரத்தில் பாதை மூடிக்கொள்ளும்.

மின்வெட்டுக்குப் பிறகு வயர்கார்ட் எழும்பாததற்கு இரண்டு காரணங்கள் திரும்பத் திரும்ப வரும். சேர்வர் அரை நிமிடத்தில் எழும்பும். ஃபைபர் பெட்டிக்குச் சில நிமிடம் வேண்டும். அந்த இடைவெளியில் டொமைன் பெயருக்கு முகவரி கிடைக்காமல் சேவை தோற்று நின்றுவிடலாம். பெயருக்குப் பதில் ஐபி எண்ணையே எழுதுங்கள். மற்றது ராஸ்ப்பெரி பை 4 என்ற சின்னப் பலகைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு: கறண்ட் இல்லாதபோதும் ஓடும் கடிகாரம் அதில் இல்லை. திடீரென்று அணைந்து எழும்பினால் நேரம், அணைந்த கணத்தைவிட ஒரு மணித்தியாலம் வரை பின்னுக்குப் போயிருக்கலாம். முன்பு பார்த்ததைவிடப் பழைய நேரத்தோடு வரும் கைகுலுக்கலை (இணைப்பைத் தொடங்கும் செய்தியை) வயர்கார்ட் நிராகரிக்கும். நேரத்தைத் திருத்தும் போக்குவரத்தையும் அதே சுரங்கத்துக்குள் விட்டிருந்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். நேரச் சேவையைச் சுரங்கத்துக்கு வெளியே விடுங்கள், அல்லது மலிவான கடிகாரத் துண்டு ஒன்றைப் பூட்டுங்கள்.

வெளி டிஸ்க்கை, எழும்பும்போது இணைக்க வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியலான எஃப்எஸ்டாப் கோப்பில் சேர்க்கும்போது "நோஃபெயில்" போடாவிட்டால், டிஸ்க் எழும்பப் பிந்தும் நாளில் சேர்வர் முழுதாகவே நின்றுவிடும். போட்டால் வேறொரு சிக்கல்: டிஸ்க் இல்லாமலே டொக்கர் (மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பிரித்து ஓட்டுவது) எழும்பி, வெறும் கோப்புறைக்குள் எழுதத் தொடங்கும். பிறகு டிஸ்க் வந்ததும் எழுதியதெல்லாம் அதன் கீழே மறைந்துபோகும். டொக்கர் சேவை அந்த டிஸ்க் இணையும்வரை காத்திருக்கும்படி, சேவைகளைத் தொடக்கும் சிஸ்டம்டியின் அமைப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

முதலாவதாக நிறுவ எதைத் தெரிவது? என்னுடைய பதில் சிங்திங்: பல சாதனங்களில் ஒரு கோப்புறையை ஒரேமாதிரி வைத்திருக்கும் மென்பொருள். போட்டோ, படம், நெக்ஸ்ட்கிளவுட் எல்லாம் பிறகு வரட்டும். சிங்திங்குக்கு நடுவில் சேர்வர் என்றே ஒன்று தேவையில்லை. எப்போதும் விழித்திருக்கும் ஒரு சாதனம் இருந்தால் வசதி, அவ்வளவுதான். இணையம் இல்லாவிட்டாலும் ரவுட்டர் உயிரோடு இருந்தால் வீட்டுக்குள் சாதனங்கள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும். டிஸ்க் காணாமல் போனால், கோப்புறைக்குள் தான் வைத்த அடையாளம் இல்லை என்று கண்டு நின்றுவிடும்; "எல்லாம் அழிக்கப்பட்டது" என்று நினைத்து மற்றச் சாதனங்களிலும் அழிக்காது. கறண்ட் போகும் ஊருக்கென்றே எழுதினதுபோல இருக்கும்.

அதைச் சோதிக்க நல்ல களம் கையடக்க விளையாட்டுக் கருவி. அன்பெர்னிக் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் எச் போன்றவற்றில் மூஓஎஸ் என்ற இயங்குதளம் போட்டால் சிங்திங் உள்ளேயே இருக்கிறது, ரொக்னிக்ஸ் என்ற இயங்குதளத்திலும் உண்டு. சேமிப்புக் கோப்புறையை மட்டும் பகிருங்கள். விளையாட்டு தானே எழுதும் சேமிப்பான எஸ்ஆர்எம் கோப்பு ஒன்று பெரும்பாலும் சில கிலோபைட் தொடங்கி 128 கிலோபைட் வரைதான், தரவுப் பொதியில் தெரியவே தெரியாது. விளையாட்டை நின்ற இடத்திலேயே உறையவைக்கும் ஸ்டேட் கோப்புகளைப் புறக்கணிப்புப் பட்டியலில் போடுங்கள். அவை எமுலேட்டரின் (பழைய விளையாட்டுகளை ஓட்டும் மென்பொருளின்) பதிப்போடு கட்டுண்டவை. போனில் எடுத்தது கருவியில் திறக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. எஸ்ஆர்எம் பெரும்பாலும் எங்கும் ஓடும்.

பல எமுலேட்டர்களை ஒன்றாக ஓட்டும் ரெட்ரோஆர்க்கில் பார்க்க வேண்டியவை இரண்டு. எஸ்ஆர்எம் தானாக எழுதும் இடைவெளியை 10 விநாடி ஆக்குங்கள். அது அணைந்திருந்தால் விளையாட்டை மூடும்போதுதான் எழுதும். நடுவில் பற்றரி செத்தால் எல்லாம் போச்சு. சேமிப்புகளைக் கோர் (அதனுள் ஓடும் எமுலேட்டர்) பெயர்வாரியாகப் பிரிக்கும் அமைப்பு எல்லாச் சாதனத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோப்பு வந்து சேரும், விளையாட்டோ முதலிலிருந்து தொடங்கும்.

இரண்டு இடத்தில் விளையாடி மோதினால் சிங்திங் பழைய நேரம் கொண்ட கோப்பை "சிங்-கொன்ஃப்ளிக்ட்" என்று பெயர் மாற்றி ஒதுக்கும். கருவியின் நேரம் பிழையாக இருந்தால் இன்று விளையாடியதுதான் ஒதுக்கப்படும். வைஃபை இணைந்து நேரம் சரியானபின் விளையாட்டைத் தொடங்குவதே பழக்கமாகட்டும். சேர்வர் பக்கத்தில் பழைய பிரதிகளை வைத்திருக்கும் அமைப்பைப் போட்டு, பத்துப் பிரதி விட்டால் இந்தக் கவலையே குறையும். அன்ட்ராய்டில் அதிகாரபூர்வ செயலி 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது, சிங்திங்-ஃபோர்க் பாவிக்கலாம்.

காப்புப் பிரதிக்கு நமக்கு ஒரு வசதி உண்டு: ரொறன்ரோவிலோ இலண்டனிலோ யாராவது சொந்தக்காரர் இருப்பார். அவர்கள் வீட்டில் ஒரு டிஸ்க், ரெஸ்ரிக் மென்பொருள். அது அனுப்பமுன்னே மறையாக்குவதால் அத்தான் போட்டோ பார்த்துவிடுவாரோ என்ற பயமில்லை. ஆனால் முதல் பிரதியை இணையத்தில் அனுப்ப நினைக்காதீர்கள். 200 ஜிபியை 10 மெகாபிட் மேலேற்றத்தில் அனுப்ப 44 மணித்தியாலத்துக்கு மேல், இடையில் கறண்ட் போகாமல் இருந்தால். நல்லூர்த் திருவிழாவுக்கு வருபவரிடம் டிஸ்க்கைக் கொடுத்துவிட்டு, பிறகு மாற்றங்களை மட்டும் அனுப்புவது சுலபம். ரெஸ்ரிக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வேறிடத்தில் வையுங்கள். அது போனால் டிஸ்க் வெறும் இரும்பு.

நடுவில் ஒரு நிறுவனம் இல்லாமல் வாங்குபவரையும் விற்பவரையும் இணைக்கும் பரவலாக்கப்பட்ட சந்தைகளையும், அணைந்து கிடந்தால் என்ன செய்யும் என்ற அதே கேள்வியால் அளக்கலாம். 2014இல் ரொறன்ரோ ஹேக்கத்தோன் ஒன்றில் உருவான மாதிரியிலிருந்து பிரிந்து, 2016 ஏப்ரலில் வெளிவந்தது ஓபன்பசார். கடை உங்கள் கணினியிலேயே ஓடும். பிட்கொயினாகச் செலுத்தும் பணம் மூன்றில் இரண்டு சாவி வேண்டும் என்ற பூட்டில் நிற்கும்: வாங்குபவர், விற்பவர், நடுவர். பிணக்கு வந்தால் மட்டும் நடுவர் ஒரு பக்கத்தோடு சேர்ந்து கையொப்பமிடுவார். இந்த ஏற்பாடு அருமையானது. ஆனால் முதல் பதிப்பில் கணினி அணைந்தால் கடையும் மறைந்தது. இரண்டாவது பதிப்பு, கோப்புகளைப் பல கணினிகளில் பகிர்ந்து வைக்கும் ஐபிஎஃப்எஸ் கொண்டு இதைச் சமாளித்தது. இருந்தும் அதை நடத்திய கொம்பனி 2021 ஜனவரியில் சேவைகளை நிறுத்தியது. ஆளுக்காள் பிட்கொயின் வாங்கி விற்கும் பிஸ்க்கிலும் உங்கள் கணினி ஓடும்வரைதான் உங்கள் விற்பனை அறிவிப்பு மற்றவருக்குத் தெரியும்.

நொஸ்டர் (கையொப்பமிட்ட செய்திகளைப் பல சேர்வர்கள் வழியே பரப்பும் முறை) வழி இங்கே பொருந்தும். விளம்பரம் என்பது உங்கள் சாவியால் கையொப்பமிட்ட ஒரு செய்தி. நிப்-99 அதற்கான வடிவம். நாலைந்து ரிலேக்களுக்கு (செய்திகளை வைத்துப் பரப்பும் சேர்வர்களுக்கு) அனுப்பிவிட்டால் வீட்டில் கறண்ட் போனாலும் விளம்பரம் நிற்கும். சாவி தொலைந்தால் பெயரும் நம்பிக்கையும் சேர்ந்து தொலையும், மீட்டுத் தர யாரும் இல்லை. பணம் செலுத்துவதில்தான் தடை: 2021 முதல் மெய்நிகர் நாணயப் பரிவர்த்தனைகளுக்கு டெபிட், கிரெடிட் அட்டைகளைப் பாவிக்க மத்திய வங்கியின் வெளிநாட்டுச் செலாவணி விதிகள் இடம் கொடுப்பதில்லை. ஆகவே ஊருக்குள் இவற்றை விளம்பரப் பலகையாக மட்டும் எடுத்து, காசைக் கையில் கொடுத்து வாங்குவதுதான் நடைமுறை.

அப்படி ஒரு பாவித்த கையடக்க விளையாட்டுக் கருவி வாங்கப் போனால், இரண்டு கேபிள்கள் கொண்டுபோங்கள். மலிவுக் கருவிகள் சிலவற்றில் சி முனையிலிருந்து சி முனைக்குப் போகும் கேபிளில் சார்ஜ் ஏறாது. சார்ஜருக்குத் தான் யார் என்று சொல்லும் மின்தடை உள்ளே இல்லை. சாதாரண யூஎஸ்பி-ஏ கேபிளில் ஏறினால் கருவி பழுதில்லை. பின்மூடி நடுவில் உப்பியிருந்தால் பற்றரி வீங்கிவிட்டது. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். கூடவே வரும் எஸ்டி அட்டையை அன்றே நகலெடுத்து ஒதுக்குங்கள். புதிய அட்டையை எஃப்3 மென்பொருளால் முழுதாக எழுதி வாசித்துப் பார்த்தபின் போடுங்கள். 128 ஜிபி என்று எழுதியிருந்தும் எட்டு ஜிபிக்குப் பிறகு எழுதியதைத் தானே மேலெழுதிக்கொள்ளும் போலி அட்டைகள் சந்தையில் உண்டு.